வளைவில் பதினொரு மரங்கள்

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது ரோஸ் நிறம்.

தேனி மாவட்டக் கூடலூருக்கு மேற்கே எஸ்டேட் ஜீப்புகள் ஏறும் மலைப்பாதையில் நான்காவது வளைவு அது. மூன்று நாள் எரிந்த தீ முந்தைய மாலைதான் அடங்கியிருந்தது. தரை சாம்பல், மரங்கள் கரி, வானம் இன்னும் வெளுக்கவில்லை. அந்த இடத்தில் நிறம் என்று ஒன்று இருக்கக் காரணமே இல்லை. ஆனால் கருகிய மரமொன்றின் இடுப்பில் ஒரு சாண் அகலத்துக்குத் துணி கட்டியிருந்தது. பக்கத்து மரத்திலும் ஒன்று. சற்றுத் தள்ளி நின்ற பெரிய வேங்கையில் இன்னொன்று. மூன்றும் ஒரே சேலையில் கிழித்தவை.

வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு படம் எடுத்தேன். ஐந்து ஐம்பத்தெட்டு. கலங்கலாக வந்தது. அதை வேறு எதற்காகவும் எடுக்கவில்லை.

போன மாதம், பத்திரிகைப் படத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் என் பழைய படமொன்றை வாட்ஸப்பில் அனுப்பி, "இத எப்படி சார் எடுத்தீங்க?" என்று கேட்டிருந்தார். முன்னால் மூன்று கரிய மரங்கள், அவற்றின் இடைவெளியில் வெகு கீழே பச்சைப் பசேலென்று கம்பம் பள்ளத்தாக்கு. அன்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். முழுப் பதில் இது. இதில் கேமராவைப் பற்றி ஒன்றும் இருக்காது. அந்த விஷயங்கள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்தப் படத்துக்கு நான் நின்ற இடம் மரங்களுக்கு மேலே, மேட்டுப் பக்கம். அங்கிருந்து பார்த்தால்தான் மரத்தின் கறுப்பும் பள்ளத்தாக்கின் பச்சையும் ஒரே சட்டத்துக்குள் வரும். ஆறு இருபதுக்கு வெயில் விழும் என்று தெரியும். இரண்டு நிறம் மட்டும் இருக்க வேண்டிய படத்தில் கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி மூன்று ரோஸ் துண்டுகள் இடித்தன. யாரோ வேண்டுதலுக்குக் கட்டியது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. நினைக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. இறங்கிப் போய் மூன்றையும் அவிழ்த்து, கேமரா பையின் பக்கவாட்டுப் பையில் திணித்துக்கொண்டேன். எடுத்து முடித்ததும் திரும்பக் கட்டிவிடலாம் என்பது எண்ணம்.

ஆறு இருபத்தொன்றுக்கு வெயில் விழுந்தது. ஏழெட்டுப் படம் எடுத்திருப்பேன். அதற்குள் கீழே இரண்டாவது வளைவில் பைக் சத்தம். மற்ற பத்திரிகைகளின் புகைப்படக்காரர்கள். நான் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டால் அவர்களுக்கும் இதே படம் கிடைத்துவிடும். பையை மூடிக்கொண்டு இறங்கிவிட்டேன். எதிரே வந்தவர்களிடம், "மேல ஒன்னுமில்ல, வெறும் பொகை" என்று சொன்னேன். கூடலூர் வந்து ஏழு நாற்பதுக்கு எங்கள் பத்திரிகையின் மதுரை அலுவலகத்துக்குப் படத்தை அனுப்பினேன்.

மறுநாள் முதல் பக்கத்தில் ஐந்து பத்தி அகலத்துக்கு வந்தது. நான் அனுப்பிய குறிப்பில் 'தீயில் கருகிய மரங்கள்' என்று மட்டும் இருந்தது. மதுரையில் அதை 'உயிரிழந்த மலை' என்று மாற்றியிருந்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. நல்ல தலைப்பு என்றே பட்டது.

இனி, அந்தத் துணிகளின் கதை. இதில் ஒரு வரிகூட அன்று எனக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம், நான் யாரையும் கேட்கவில்லை.

அந்த நான்காவது வளைவில்தான் ஜீப்புகள் நிற்கும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைப் பதினைந்து பேர் வரை ஏற்றிக்கொண்டு வருகிற ஜீப், அங்கே வரும்போது இன்ஜின் கொதித்திருக்கும். டிரைவர் இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் பெண்கள் கால் நீட்டுவார்கள். தலைக்கு மேலே, அந்த மூன்றும் சேர்த்துப் பதினொரு மரங்கள். எரிந்த மரத்தின் கொப்பு முறிந்து ஜீப்பின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியவர் அந்தப் பகுதி வனவர். பாதை ஓரத்தில் செத்த மரம் எல்லாவற்றையும் வெட்டி அகற்ற அவர் ஏற்பாடு செய்திருந்தார்.

பொன்னுத்தாய் அங்கே கோடைக்காலத் தீக்காவலர். மூன்று மாதத்துக்கு மட்டும் எடுக்கும் தற்காலிக வேலை. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். அவருடைய தங்கை தினமும் காலை அந்த வளைவில் இறங்கிக் கால் நீட்டும் பெண்களில் ஒருவர். பதினொரு மரமும் சாகவில்லை, சாரல் விழுந்தால் துளிர்க்கும் என்று பொன்னுத்தாய் வனவரிடம் வாதாடியிருக்கிறார். பங்குனியில் அந்தக் காட்டில் எரியாத மரமும் இலையுதிர்ந்து மொட்டையாகத்தான் நிற்கும். பார்வைக்கு உயிருள்ளதும் செத்ததும் ஒன்றுதான்.

வனவர் நியாயமான மனிதர். ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறார். "நீ உயிரிருக்குன்னு சொல்ற மரத்துல துணியக் கட்டு. துணி கட்டுனத சாரல் வரைக்கும் தொடமாட்டோம். கட்டாதது எல்லாம் போகும்." அந்தச் சேலையைக் கிழித்துப் பதினொரு மரத்திலும் கட்டிவிட்டு, மேல் முகட்டில் கங்கு இருக்கிறதா என்று பார்க்க பொன்னுத்தாய் போய்விட்டார். நான் ஐந்து ஐம்பதுக்குப் பார்த்தது அவற்றில் மூன்றைத்தான். மற்ற எட்டும் வளைவின் அடுத்த பக்கம், என் சட்டத்துக்கு வெளியே.

என் படம் வெளியான சனிக்கிழமை காலை, மார்க்கையன்கோட்டையிலிருந்து மரம் வெட்டுகிறவர்கள் ரம்ப மிஷினோடு வந்தார்கள். துணி கட்டாத மரங்களை அறுத்தார்கள். அவற்றில் மூன்று, அந்த மூன்று.

எனக்கு இது செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. தீக்குப் பிறகு ஜீப்புகள் வழக்கம்போல் ஓடுகின்றனவா என்று ஒரு செய்திப் படம் எடுக்கப் போயிருந்தேன். நான்காவது வளைவில் ஒரு ஜீப் நின்றிருந்தது. டிரைவர் என் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். "ஏலே, போட்டாக்காரரு வந்துட்டாரு. எல்லாரும் மூஞ்சியத் தொடைங்க."

"மரத்தத்தேன் எடுப்பீகளா?" என்றார் ஒரு பெண். "எங்களயும் எடுங்கய்யா. நாங்களும் கருத்துப் போயித்தேன் இருக்கோம்."

சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு அந்த இடம் வித்தியாசமாகத் தெரிந்தது. நான் படம் எடுத்த சட்டத்துக்குள் மூன்று மரமும் இல்லை. மூன்று தூர் இருந்தது. பெரிய வேங்கையின் தூரில், பட்டைக்கு உள்பக்கமாக வட்டம் போட்ட மாதிரி கருஞ்சிவப்பாகப் பால் வடிந்து உறைந்திருந்தது. வேங்கையை உயிரோடு வெட்டினால் அப்படித்தான் வடியும்.

அந்தத் தூருக்குப் பக்கத்தில் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தார். பெயர் பிறகுதான் தெரியும். அவர்தான் முதலில் பேசினார்.

"நீங்கதான பேப்பர்ல வந்த படத்த எடுத்தீக?"

"ஆமாம்மா."

"வெள்ளிக்கிழம காலைலதான?"

"ஆமா."

"அப்ப ஒன்னே ஒன்னு சொல்லுங்க. அன்னிக்கு இந்த மூணு மரத்துலயும் துணி இருந்துச்சா, இல்லையா?"

நான் கேமராவைத் தோளில் சரிசெய்துகொண்டேன். அவர் தொடர்ந்தார்.

"வனவரு பேப்பர மூஞ்சிக்கு நேரா விரிக்காரு. 'பாத்தியா, படத்துலயே துணி இல்ல, நீ எங்கன கட்டுன'ன்னு கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல? பேப்பர்ல வந்தது பொய்யி, நாஞ் சொல்றது நெசமுன்னா யாரு நம்புவாக? உசுரு மரம் மூணக் கண்டுக்காம விட்டுப்புட்டு, வெட்டுனப்பெறகு கட்டுனேன்னு புளுகுறேனாம். நேத்துலருந்து வேலைக்கு வர வேணாமுன்னுட்டாரு. அதுகூடப் போகட்டும். மிச்சம் எட்டு மரம் நிக்கில்ல, நான் கட்டுனதுக்கு மதிப்பில்லன்னு அதையும் நாளைக்குக் காலைல அறுக்கப் போறாக. நீங்க பாத்ததச் சொல்லுங்கய்யா. இருந்துச்சா, இல்லையா?"

ஜீப்புக்குள் அவருடைய தங்கை தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

நான், "கவனிக்கலைம்மா" என்றேன்.

இந்த வேலையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். சட்டத்தின் மூலையில் ஒரு காகம் பாதி தெரிந்தாலும் கண்ணில் படும். கவனிக்கவில்லை என்று நான் சொன்னது அந்த ஒரு முறைதான்.

பொன்னுத்தாய் எழுந்து, எட்டு மரங்களில் முதலாவதிடம் போனார். "சரி, இதையாவது பாத்துட்டுப் போங்க. நாளைக்கு இருக்காது" என்று கூப்பிட்டார். போனேன்.

"இந்தா, இந்த மேட்டுப் பக்கம் வெந்து போச்சு. சருகெல்லாம் உருண்டு வந்து அங்கனதேன் தேங்கி நிக்கும். தீயும் அங்கனதேன் நின்னு எரியும். நீங்க அங்கன நின்னு படம் புடிச்சீக, செத்த மரமாத் தெரிஞ்சிச்சு. இங்கன பள்ளத்துப் பக்கம் வாங்க."

அரிவாள் நுனியால் பட்டையை நகக்கண் அளவுக்குக் கீறினார். கரிக்கு அடியில் பழுப்பு, பழுப்புக்கு அடியில் ஈரமான பச்சை. கீறிய இடத்தை எச்சில் தொட்டுத் தடவி மூடினார்.

"எந்தங்கச்சி தெனமும் இதுக்கு அடியிலதேன் எறங்கி நிக்கிறா. செத்த மரத்துக்கு உசுரு இருக்குன்னு நான் பொய் சொல்லுவேனாய்யா?"

அன்று மாலை தேனிக்கு வந்து, பையைத் துடைப்பதற்காகக் கவிழ்த்தேன். பக்கவாட்டுப் பையிலிருந்து மூன்று ரோஸ் துண்டுகள் விழுந்தன. ஒன்றில் சாம்பல் திட்டுத் திட்டாக இருந்தது. இடையில் ஏதோ ஒரு நாள் அதில் லென்ஸ் மூடியைத் துடைத்திருக்கிறேன். எதில் துடைக்கிறேன் என்று பார்க்கவில்லை.

கணினியில் வெள்ளிக்கிழமைப் படங்களைத் திறந்தேன். நல்ல வேளை, கலங்கலான அந்த முதல் படத்தை அழிக்கவில்லை. ஐந்து ஐம்பத்தெட்டில் மூன்று மரத்திலும் துணி இருக்கிறது. ஆறு இருபத்தொன்றில் இல்லை.

மதுரையில் செய்தி ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அவுத்தது நீயா?"

"ஆமா சார்."

"வெளிய யார்ட்டயும் படத்தக் காட்டாத. நாளைக்கு மத்தியானம் பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்றேன்."

"காலைல ஆறு மணிக்கு அறுக்கறாங்க சார்."

"எட்டு மரம்தானப்பா."

அவரைத் தவறாக நினைத்துவிடாதீர்கள். விபத்தில் இறந்த ஒருவரின் முகம் தெரிகிற படத்தை, மற்ற பத்திரிகைகள் எல்லாம் போட்ட நாளில், போட மாட்டேன் என்று திருப்பி அனுப்பியவர் அவர். பத்திரிகையின் பெயர் கெடும் என்ற பயம் அவருக்கு. மலையிலிருந்து இறங்கும்போது நானும் மூன்று மரம்தானே என்றுதான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் வாயால் கேட்ட பிறகுதான் அந்தப் பேச்சு எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவசரத்தில் முடிவெடுப்பது பற்றிப் பயிற்சி வகுப்பில் பேசுவார்கள். அங்கே சொல்கிற அவசரம் எல்லாம் படம் எடுக்கும்போது வருவது. எனக்கு வந்தது எடுத்த பிறகு வந்தது. பொய் சொல்லிவிட்டேன், அதைத் திருத்த ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரத்துக்குள் அனுமதி கிடைக்காது. அனுமதிக்குக் காத்திருந்தேன் என்று பிறகு சொல்லிக்கொள்ள முடியும். யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். எட்டு மரம் மட்டும் இருக்காது, பொன்னுத்தாய் பொய் சொன்னவராகவே இருப்பார்.

புதன்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு நான்காவது வளைவில் இருந்தேன். ரம்ப மிஷினை இறக்கிப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வனவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். பொன்னுத்தாயும் வந்திருந்தார். வேலை இல்லை என்று சொல்லியும் வந்து, ஒரு ஓரமாக நின்றார்.

கேமராவை வனவர் கையில் கொடுத்தேன். திரையில் முதல் படம். அவர் துணியைப் பார்த்தார். பிறகு கீழே ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தார்.

"கேமராவுல டைம் சரியா வச்சிருக்கீங்களா?"

கைக்கடிகாரத்தைக் காட்டினேன். ஒத்துப் பார்த்தார். அடுத்த படத்துக்குத் தள்ளினார். துணி இல்லை. திரும்ப முதல் படம். மறுபடி இரண்டாவது. ஜீப்புக்குள் இருந்த கோப்பிலிருந்து மடித்து வைத்த பத்திரிகையை எடுத்து அதையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நடுவுல துணி எங்க போச்சு?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூன்று.

மரம் வெட்டுகிறவர்களின் தலைவர் எட்டிப் பார்த்தார். "அப்ப நாங்க குருடனுக இல்லன்னு ஆச்சு சார். மூணு நாளா எங்களயும்தான வஞ்சுக்கிட்டு இருந்தாக அந்தம்மா."

வனவர் என்னைப் பார்த்துப் பேசினார். குரலை உயர்த்தவில்லை. "சார், நாளைக்கு ஒரு கொப்பு முறிஞ்சு ஜீப்பு மேல விழுந்தா ஒங்க பேப்பர்லதான் மொதப் பக்கத்துல என் பேரு வரும். நான் பயந்துக்கிட்டு வெட்டுறேன். நீங்க என்ன பயத்துல அவுத்தீங்க?"

"படம் நல்லா வரணும்னு" என்றேன்.

"எழுதிக் குடுங்க."

ஜீப் பானட்டின் மேல் வைத்து எழுதினேன். ஒன்பது வரி. எத்தனை மணிக்கு வந்தேன், எதைப் பார்த்தேன், எதை அவிழ்த்தேன், செவ்வாய்க்கிழமை கேட்டபோது என்ன சொன்னேன். கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்துவிட்டு ரம்பக்காரர்களைப் பார்த்துக் கையை அசைத்தார். பிறகு பொன்னுத்தாயிடம், "சாரல் வரைக்கும். அதுக்கப்புறம் துளிர் இல்லாத மரம் ஒன்னுகூட இங்க நிக்காது. நீ மேல முகட்டுக்குப் போ, டியூட்டி பாரு" என்றார்.

பொன்னுத்தாய் என்னிடம் வந்தார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"கவனிக்கலைன்னீக" என்றார்.

"பொய் சொன்னேம்மா."

"அதேன் தெரியுதே." கையை நீட்டினார். "துணியக் குடுங்க. சேல என்னது."

வனவர் கையிலிருந்த மூன்று துண்டுகளையும் வாங்கி உதறி, இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

பத்திரிகை ஏழாம் பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போட்டது. அடுத்த நான்கு மாதம் திங்கள்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுப்பவர்களைப் படம் எடுக்கும் வேலை எனக்கு. மற்ற நாட்களில் திறப்பு விழாக்கள். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான்காவது வளைவுக்குப் போக ஆரம்பித்தேன். செய்திக்காக இல்லை. எட்டு மரம் என்ன ஆகிறது என்று தெரிய வேண்டியிருந்தது.

தீ அணைந்த பதினேழாம் நாள் முதல் பச்சை வந்தது. மரத்தில் இல்லை, தரையில். சாம்பலுக்குள்ளிருந்து குட்டை ஈச்சஞ்செடிகள் விரல் நீளத்துக்கு ஓலை விட்டிருந்தன. மழை ஒரு துளி விழவில்லை. கிழங்கில் இருந்த ஈரத்திலேயே வந்தவை. சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. அடுத்த வாரம் சரிவு முழுக்கப் புல். எரிந்த விராலிப் புதர்கள் அடியிலிருந்து கொத்தாகக் கிளைத்தன. மரங்கள் எட்டும் கரியாகவே நின்றன. ஜீப் டிரைவர்கள் தண்ணீர் ஊற்றும்போது மேலே பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் வண்டியைப் பத்தடி முன்னால் தள்ளி நிறுத்தினார்.

"அக்கா சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்றார் பொன்னுத்தாயின் தங்கை என்னிடம். ஆனால் அவரும் இறங்கிப் பத்தடி முன்னால் போய்த்தான் நின்றார்.

வைகாசியும் போயிற்று. பொன்னுத்தாயின் வேலைக்காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அவர் ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்ப்பார், நான் ஒரே கல்லின் மேல் நின்று ஒரே அளவில் ஒரு படம் எடுப்பேன்.

ஆனி இரண்டாவது வாரம் மலைக்கு அந்தப் பக்கமிருந்து சாரல் வந்தது. ஒன்பதாவது நாள் போனேன். காலை ஏழு பத்து. ஐந்து மரங்களில் துளிர். நீங்கள் நினைக்கிற மாதிரி கொப்பு நுனியில் இல்லை. கருகிய பட்டையைப் பிளந்துகொண்டு நடுத்தண்டிலேயே, இடமும் வரிசையும் இல்லாமல், செம்பு நிறத்தில் சின்னச் சின்னக் கொத்துகள். நுனிக் கொப்புகள் செத்துத்தான் போயிருந்தன. வனவர் அவற்றை மட்டும் கழித்துவிடச் சொன்னார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு மரம்.

எட்டாவது மரத்தில் ஒன்றுமில்லை. நெல்லி. வனவர் ஆடி பிறக்கும்வரை பொறுத்தார். அவர் வருவதற்கு முந்தைய ஞாயிறு பொன்னுத்தாய் அதன் பள்ளத்துப் பக்கம் கீறினார். பழுப்பு. இன்னும் ஆழமாகக் கீறினார். அதுவும் பழுப்பு. அரிவாளின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினார். காலித் தகரம் மாதிரி ஒரு சத்தம்.

"போயிருச்சு" என்றார். "இதுல நாந்தேன் ஏமாந்துட்டேன்."

துணியை அவரே அவிழ்த்தார். வெயிலிலும் மழையிலும் நிறம் போய் வெளுத்திருந்தது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கீழே இறங்கி வனவரிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அந்த மரத்தை அறுத்தார்கள்.

அடுத்த கோடை வந்தது. அதற்குள் என்னை மறுபடி செய்திப் படத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'மீண்டது மலை' என்று ஒரு பக்கம் போடலாம் என்றார். நல்ல யோசனைதான். கூடலூர் சாலையிலிருந்து பார்த்தால் சரிவு முழுக்கப் பச்சை. எந்தப் பத்திரிகைக்காரனும் மீண்டது என்றுதான் எழுதுவான்.

இந்த முறை படத்தை அனுப்புவதற்கு முன் பொன்னுத்தாயிடம் கேட்டேன். தீக்காவல் வேலைக்குத் திரும்ப வந்திருந்தார்.

"பச்சையா இருக்கதெல்லாம் காடாய்யா?" என்றார். "உள்ள நொழஞ்சு பாருங்க. பாதிக்கு மேல உண்ணிச்செடி. தீ போன எடமெல்லாம் மொதல்ல அதுதேன் குடி வரும். ஆடு திங்காது, நெழல் குடுக்காது, கோடையில காஞ்சு நின்னா மறுபடி தீக்கு அதுதேன் வெறகு. அடியில வேங்கக் கன்னு இருக்கு. அது தல தூக்கறதுக்குள்ள இன்னொரு தீ வந்தா அம்புட்டுத்தேன்."

உள்ளே நுழைந்து பார்த்தேன். முள் கிழித்தது. உண்ணிச்செடிக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு வேங்கைக் கன்றுகள் இருந்தன. அதிகம் இல்லை. பத்தடிக்கு ஒன்று என்று சொல்லலாம், சில இடங்களில் அதுவும் இல்லை.

படத்தை அனுப்பி, அதன் கீழே நானே எழுதினேன்: 'தீ எரிந்த சரிவில் ஓராண்டுக்குப் பின் உண்ணிச்செடி.' செய்தி ஆசிரியர் சிரித்தார். "இதுக்கு எவன்யா ஒரு பக்கம் ஒதுக்குவான்?" என்றார். உள்பக்கத்தில் இரண்டு பத்திக்குப் போட்டார். ஆனால் வரியை மாற்றவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். படத்தில் ஏதாவது இடித்தால் அதை அகற்றுவதற்கு முன்பு, அதை அங்கே யார் வைத்தது என்று கேளுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால் அதோடு சேர்த்து எடுங்கள். அகற்றிவிட்டீர்கள், தவறு என்று பிறகு தெரிகிறது என்றால், அன்றைக்கே போங்கள். முதல் படத்தை அழிக்காதீர்கள். கலங்கலாக இருந்தாலும்.

உங்களில் அந்தப் படத்தை அனுப்பியவருக்காகப் போன வாரம் நான்காவது வளைவுக்குப் போய் வந்தேன். எட்டரை மணி. அன்று நின்ற கல்லின் மேல் நின்று ஒரு படம் எடுத்தேன், தனியாக அனுப்புகிறேன். ஏழு மரங்கள் நிற்கின்றன. வெயில் நேரத்தில் ஜீப்புகளை அவற்றின் நிழலில்தான் நிறுத்துகிறார்கள். நான் துணி அவிழ்த்த மூன்றில், சிறியவை இரண்டும் தூரிலிருந்து கிளைத்து என் தோள் உயரத்துக்குப் புதராக நிற்கின்றன. பெரிய வேங்கை கிளைக்கவில்லை. வயதான மரம் தூரில் துளிர்க்காது என்று பொன்னுத்தாய் அந்த வருடமே சொல்லியிருந்தார்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வரும் டிரைவர்கள் கேனை அந்தத் தூரின் மேல்தான் வைக்கிறார்கள்.